காரணம் சொல்லாத கதைகள்

நுழையும்முன்

உடலில் காய்ச்சல் கண்டால் ஊருக்குச் சொல்கிறோம். உள்ளத்தில் நோய் கண்டால் கதவைச் சாத்திக்கொள்கிறோம். சாத்திய கதவுக்கு உள்ளே நடப்பதை, இந்தியர் ஆங்கிலத்தில் எழுதிய புதினங்கள் சில எவ்வாறு காட்டியுள்ளன? சிற்றாற்றங்கரையில் பிறந்த தமிழாசிரியர் ஒருவரின் வாசிப்பு அனுபவமாக அமைகிறது இக்கட்டுரை.

ஒரு சொல்லின் இரு முகங்கள்

தென்காசி, நெல்லைப் பகுதிகளில் ‘கோட்டி’ என்றொரு சொல் வழங்குகிறது. தாய் தன் குழந்தையைக் கொஞ்சும்போதும் ‘ஏ கோட்டி’ என்பாள். உச்சிவெயிலில் குடையின்றி நடந்துவரும் தோழனைப் பார்த்து, ‘கோட்டிக்காரப் பய’ என்று நண்பன் சிரிப்பான். அதே சொல்லை ஒரு குடும்பத்தின் மீது ஊர் வீசும்போது, அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வருவது நின்றுபோகும். தமிழில் இதற்கு நிகரான சொற்களுக்குக் குறைவில்லை. பித்து என்கிறோம்; கிறுக்கு என்கிறோம்; சித்தப்பிரமை என்கிறோம். சுந்தரர் தம் முதல் பதிகத்தைச் சிவபெருமானைப் பித்தன் என்று விளித்தே தொடங்கினார். நெல்லைக் குடும்பமொன்றில் பிறந்த சொ. விருத்தாசலம், புதுமைப்பித்தன் என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். இறைவனுக்கும் எழுத்தாளனுக்கும் அணியாக அமைந்த சொல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் இழுக்காகிவிடுகிறது.

இதைப் பற்றி நான் ஆழ்ந்து எண்ணத் தொடங்கியது ஓர் ஆங்கிலப் புதினத்தைப் படித்த பிறகுதான். மும்பை எழுத்தாளர் ஜெர்ரி பின்டோ எழுதி, 2012ஆம் ஆண்டு வெளிவந்த ‘எம் அண்ட் தி பிக் ஹூம்’ என்பது அந்நூல். பித்தைக் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் ‘மேட்’ என்னும் சிறு சொல்லைப் பற்றி அதன் கதைசொல்லி ஓரிடத்தில் எண்ணிப் பார்க்கிறான். யாரும் எதற்கும் சொல்லிவிடக்கூடிய எளிய சொல்தான் அது. தன் தாயைக் குறிப்பதற்கு அது வந்து நிற்கும்போதோ, அந்த எளிமை போய்விடுகிறது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது என் காதில் ஒலித்தது எங்கள் ஊர்க் ‘கோட்டி’தான்.

என் ஊர் வீரகேரளம்புதூர். ஊற்றுமலை ஜமீனின் அரண்மனை இருந்த ஊர். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த இருதயாலய மருதப்பத் தேவரின் ஊர். குற்றால மலையில் பிறக்கும் சிற்றாறு எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே செல்கிறது. தமிழாசிரியனுக்கு ஆங்கிலப் புதினங்களோடு என்ன உறவு என்று உடன்பணியாற்றுவோர் கேட்பதுண்டு. ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஓய்வறை மேசையில் விட்டுச்செல்லும் நூல்களை, அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு படித்துப் பழகியவன் நான். மெதுவாகத்தான் படிப்பேன். மெதுவாகப் படிப்பவனுக்குச் சில நூல்கள் கூடுதலாகவே தருகின்றன.

மாகிமில் ஒரு சிறுவீடு

மும்பையின் மாகிம் பகுதியில் ஒரு சிறிய அடுக்குமாடி வீடு. கோவா வழிவந்த கத்தோலிக்கக் குடும்பம். தாய் இமெல்டா, பிள்ளைகள் அவரை ‘எம்’ என்று அழைக்கின்றனர். தந்தை அகஸ்டின் பொறியாளர், பேச்சுக் குறைந்தவர். பலவற்றுக்கும் ‘ஹூம்’ என்ற ஒலியே அவருடைய மறுமொழி என்பதால் ‘பெரிய ஹூம்’ ஆகிவிட்டார். சூசன் என்றொரு மகள். கதையைச் சொல்லும் மகனுக்கு நூல் முழுவதிலும் பெயரில்லை. தாய்க்கு இருதுருவ மனநோய். ஒரு பருவத்தில் பேச்சும் வேகமும் கட்டுக்கு அடங்காமல் பொங்கும். மறு பருவத்தில் படுக்கையைவிட்டு எழவும் இயலாத இருள் கவியும். அந்த இருளில் அவர் தம் உயிரை வெறுத்த நாள்களும் உண்டு. ஜே.ஜே. மருத்துவமனையின் 33ஆம் எண் மனநல வார்டு, அக்குடும்பத்துக்கு இன்னொரு வீடு போலவே பழகிப்போகிறது.

இவ்வளவையும் கேட்டால் கண்ணீர்க் கதை என்றே தோன்றும். ஆனால், இந்நூலைப் படிப்பவர் பல இடங்களில் வாய்விட்டுச் சிரிக்கிறார். எம் பீடி புகைக்கிறார். தேநீரை மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். பிள்ளைகளிடம் பெற்றோர் பேசத் தயங்குவனவற்றை எல்லாம் தயக்கமின்றிப் பேசுகிறார். சொற்களை உடைத்தும் திரித்தும் விளையாடுகிறார். போர்க்காலத்தில் பர்மாவிலிருந்து இந்தியா வந்த குடும்பத்தின் பெண் அவர், ஆசிரியராக இருந்தவர், பின்னர் அமெரிக்கத் தூதரக அலுவலகத்தில் பணிபுரிந்தவர், தம் வருவாயால் வீட்டைத் தாங்கியவர். கடிதங்களும் குறிப்புகளும் எழுதிக் குவித்தவர். அந்தக் கடிதங்களைப் புரட்டித்தான் மகன் தன் தாயைத் தேடுகிறான்.

நடப்பியல் என்றால் நடந்ததை நடந்தவாறே எழுதுதல் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுகிறோம். மனநோயைப் பற்றிய எழுத்தில் அந்த வரையறை போதவில்லை. நோயின் அறிகுறிகளை மருத்துவ நூலும் பிழையின்றிச் சொல்லும். அறிகுறிகளுக்கு இடையே அந்த மனிதர் என்னவாக இருந்தார், எதைச் சொல்லிச் சிரித்தார், தேநீரில் எவ்வளவு சர்க்கரை கேட்டார் என்பனவற்றைச் சொல்ல ஒரு மகன் வேண்டியிருக்கிறது; அல்லது மகனின் பொறுமை வாய்த்த ஓர் எழுத்தாளர் வேண்டியிருக்கிறது. பின்டோவுக்கு இரண்டுமே வாய்த்திருந்தன. தம் தாயோடு வாழ்ந்த வாழ்வே இப்புதினத்தின் ஊற்று என்பதை அவர் மறைக்கவில்லை. இதை எழுதி முடிக்க இருபது ஆண்டுகளுக்கும் மேலாயிற்று. 2012ஆம் ஆண்டுக்கான ‘தி இந்து’ இலக்கியப் பரிசையும் 2016ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதையும் இந்நூல் பெற்றது.

வீட்டுக் கமுக்கத்தைச் சொல்வதற்கு அயல்மொழி வசதியான திரை என்று சிலர் கருதுவர். பக்கத்து வீட்டார் படிக்கமாட்டார் அல்லவா? இந்நூலுக்கு அது பொருந்தாது. அந்தக் குடும்பத்துக்கு ஆங்கிலம் அயல்மொழி இல்லை. எம் கொஞ்சுவதும் ஏசுவதும் அம்மொழியில்தான். வகுப்பில் ஒருமுறை எம்மின் பேச்சை எங்கள் ஊர்த்தமிழில் சொல்லிப் பார்த்தேன். திண்ணையில் அமர்ந்து போவோர் வருவோரை வம்புக்கிழுக்கும் எங்கள் ஊர் ஆச்சி ஒருத்தி எழுந்து வந்துவிட்டாள். மாணவர்கள் சிரித்த சிரிப்பில், கதையில் வருபவர் நோயாளி என்பதே சற்று நேரம் மறந்துபோயிற்று.

பீடித்தட்டும் அருவிநீரும்

எம் பீடி புகைத்தார் என்றேன். என் பெரியத்தை பீடி சுற்றினார். எங்கள் பகுதியில் பல வீடுகளின் அடுப்பு, பெண்கள் மடியில் வைத்திருக்கும் பீடித்தட்டை நம்பியே எரிந்தது. கடையில் இலையும் தூளும் வாங்கிவந்து, இலையை நனைத்து, அளவாக வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலால் கட்டி, எண்ணி ஒப்படைக்க வேண்டும். நல்ல நாள்களில் பெரியத்தையின் விரல்களுக்கு ஈடு கிடையாது. பேசிக்கொண்டே சுற்றுவார், பேச்சும் நிற்காது, விரலும் நிற்காது. நோய் முற்றிய நாள்களில் வெட்டிய இலை வெட்டியபடியே காய்ந்து கிடக்கும். அன்றைய கணக்கை என் அம்மா இரவு விளக்கொளியில் சுற்றி முடிப்பார்.

அப்பாவின் மூத்த சகோதரி அவர். திருமணமாகி, ஒரு மகனும் பிறந்தபின் நோய் கண்டது. மாமா அவரையும் குழந்தையையும் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டுச் சென்றார்; திரும்ப வரவில்லை. ஏன் இப்படி ஆயிற்று என்ற கேள்விக்கு ஊரில் ஆளுக்கொரு விடை இருந்தது. கிணற்றடியில் அந்தி நேரத்தில் பயந்துவிட்டார் என்றனர் சிலர். முச்சந்தியில் கிடந்த எலுமிச்சம்பழத்தை மிதித்தார் என்றனர் வேறு சிலர். அளவுக்கு மீறிப் படித்ததுதான் என்றார் ஒருவர். பெரியத்தை படித்தது எட்டாம் வகுப்பு வரை. முதல் பிள்ளைப்பேற்றின் சூடு தலைக்கு ஏறிவிட்டது என்று ஒரு மருத்துவச்சி சொன்ன விடையே இறுதியில் நிலைத்தது. குற்றாலத்தில் நீராட்டினால் தெளியும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. சாரல் காலத்தில் தலை நிறைய எண்ணெய் வைத்து, அருவியின் கீழே இருபுறமும் இருவர் பிடித்துக்கொள்ள அவரை நிறுத்துவார்கள். அருவிநீரின் குளிர்ச்சியில் உடல் தளர்ந்து, திரும்பி வரும் பேருந்தில் உறங்குவார். வீடு வந்து சேர்ந்ததும் பேச்சு மீண்டும் தொடங்கும். பிற்காலத்தில் பாளையங்கோட்டை அரசு மருத்துவமனையில் தந்த மாத்திரைகள்தாம் அவரைப் பல ஆண்டுகள் தட்டின் முன் அமைதியாக உட்காரவைத்தன. அருவியைக் குறைசொல்வதற்கு எனக்கு மனமில்லை. வேறு வழி அறியாத காலத்தில், அழைத்துச்செல்ல ஓர் இடமாவது இருந்ததே!

அவருடைய பேச்சில் ஒன்று, குடும்பத்தில் இன்றளவும் வழங்குகிறது. சின்னத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். பெரியத்தையைப் பின்கட்டு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டனர். கூடத்தில் அனைவரும் அமைதியாக அமர்ந்திருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது: ‘வந்தவுகளுக்குக் காப்பி குடுத்தியளா, அதையும் உள்ள வச்சிப் பூட்டிட்டியளா?’ எம் இதைக் கேட்டிருந்தால் தம் பீடியை நீட்டியிருப்பார்.

ஏன் என்னும் கேள்வி

குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள் சிங்கி. அவளுடைய வாட்டத்துக்குக் காரணம் குற்றாலநாதர்மேல் கொண்ட காதல் என்பது வெளிப்பட்டுவிடுகிறது. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய அந்த உலகில், மன வருத்தத்துக்குக் காரணம் உண்டு. காரணத்தைச் சொல்ல ஒருத்தி உண்டு. நம் மரபில் கதை கேட்டு வளர்ந்த எவரும் அதையே எதிர்பார்ப்பர்.

அனிதா தேசாய் 1963இல் வெளியிட்ட ‘கிரை, தி பீகாக்’ புதினத்திலும் குறி சொல்பவர் ஒருவர் வருகிறார். மாயா என்னும் இளம்பெண்ணுக்குச் சிறுவயதில் சொல்லப்பட்ட சோதிடம் அது: மணமான நான்காம் ஆண்டில் கணவன் மனைவி இருவருள் ஒருவர் இறப்பர். வளர்ப்பு நாயின் சாவோடு தொடங்கும் கதை, அந்த அச்சம் மாயாவின் உள்ளத்தைச் சிறிது சிறிதாகத் தின்பதைக் காட்டிக் கொடிய முடிவை அடைகிறது. கணவர் கௌதமா வழக்கறிஞர். எதையும் அறிவால் ஆராய்பவர். மனைவியின் அச்சம் அவர் காதில் ஏறுவதில்லை. நோய்க்குக் காரணம் சோதிடமா, செல்லம் கொடுத்து வளர்த்த தந்தையா, மனம் கலக்காத கணவரா? தேசாய் மூன்றையும் காட்டுகிறார், ஒன்றையும் உறுதிப்படுத்தவில்லை. பெண்ணின் உள்ளத்துக்குள்ளே அமர்ந்துகொண்டு எழுதிய துணிவை எத்துணை பாராட்டினும் தகும். ஆயினும் எனக்கொரு குறை உண்டு. மாயாவின் அச்சம் என் நினைவில் நிற்கிறது. மாயா என்ன சொல்லிச் சிரிப்பாள் என்பது நிற்கவில்லை. அவள் நோயாகவே இருக்கிறாள். மயிலின் அகவல், வெம்மை, நிலவு எல்லாம் அவளுக்காகப் பேசுகின்றன. ஒரு கோப்பைத் தேநீர் பேசவில்லை.

பின்டோவின் நூல் வெளிவந்த அதே 2012இல், சென்னையைக் களமாகக் கொண்ட இன்னொரு புதினமும் வந்தது. மனு ஜோசப் எழுதிய ‘தி இல்லிசிட் ஹேப்பினஸ் ஆஃப் அதர் பீப்பிள்’. பிறருடைய விதிமீறிய மகிழ்ச்சி என்று தலைப்பைத் தமிழாக்கலாம். கதை நடப்பது 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில். ஊசெப் சாக்கோ என்னும் மலையாளி, இதழாளர், குடிக்கு அடிமையானவர். கருத்துப்படம் வரையும் திறன் பெற்ற அவருடைய பதினேழு வயது மகன் உண்ணி, தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டான். மூன்றாண்டுகள் கழித்து, மகனின் நண்பர்களையும் அவன் வரைந்த படங்களையும் துருவித் துருவி ஆராய்கிறார் தந்தை. அவருக்கு ஒரே கேள்விதான்: ஏன்?

அந்தத் தெருவில் வாழும் பிள்ளைகள் எல்லாரும் ஐ.ஐ.டி. நுழைவுத்தேர்வுக்குத் தயாராகிறார்கள். தேர்வே வாழ்வாகிப்போன அத்தெருவைக் கசப்பும் நகைப்பும் கலந்து எழுதியிருக்கிறார் ஆசிரியர். மேல்நிலை வகுப்பில் பயிலும் உங்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பொதுத்தேர்வில் முதலிடம் பெற்றோர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை நம் மாநிலம் 2017இல் கைவிட்டது. அந்த முடிவுக்குப் பின்னே எத்தனை வீடுகளின் வேதனை இருந்திருக்கும்! மனம் தாங்க முடியாமல் கனக்கும்போது பேசுவதற்கு இப்போது ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவை உள்ளது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட அதன் எண் 14416. தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. கதைக்கு நடுவே தொலைபேசி எண்ணா என்று கேட்காதீர்கள். ஆசிரியன் எழுதும் கட்டுரையில் இதுவும் வரும்.

ஊசெப்பின் தேடலைவிட, அவர் மனைவி மரியம்மாவே என்னை மிகுதியும் ஈர்த்தார். அடுக்களையில் சுவரைப் பார்த்து விரலை ஆட்டிப் பேசும் பெண் அவர். என்றோ தமக்குத் தீங்கு செய்தவர்களோடு அவருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்கு நடக்கும்போதே சோறும் ஆக வேண்டியிருக்கிறது. மகனின் மரணத்துக்குக் காரணம் தேடும் தந்தை, வீட்டுக்குள் சுவரோடு பேசும் மனைவியின் பேச்சைக் கேட்க நேரம் ஒதுக்குவதில்லை. ‘ஏன்’ என்று கேட்பவர் ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்க மறந்துவிடும் இந்த இடத்தில் நான் நூலைச் சற்று மூடிவைத்தேன்.

பின்டோவின் புதினம் காரணம் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அது இவ்வளவு உயர்ந்த நூலாக இருந்திருக்காது. அதில் ஒருவர் மட்டும் காரணம் போன்ற ஒன்றைச் சொல்கிறார், அவர் எம். மகன் பிறந்த பிறகே தமக்குள் இருள் கசியத் தொடங்கியது என்று அந்த மகனிடமே சொல்கிறார். அன்பற்றுச் சொன்னதன்று, அவருக்கு நினைவில் உள்ளதைச் சொல்கிறார். பிள்ளைப்பேற்றுக்குப் பின் சில தாய்மார்க்கு மனநோய் தலைகாட்டுவதை மருத்துவம் நன்கறியும். அதற்குக் குழந்தை பொறுப்பாகாது என்பதையும் அறியும். ஆனால், கேட்டுக்கொண்டு நிற்பவன் மருத்துவன் அல்லனே. ஊரார் சொல்லும் காரணமாயினும் நோயுற்றவரே சொல்லும் காரணமாயினும் அது யாரோ ஒருவர் தலையில் போய் இறங்குகிறது. இந்த மகன் அச்சொல்லைத் தூக்கிக்கொண்டே வளர்கிறான். தனக்கும் அந்நோய் வருமோ என்று அஞ்சுகிறான். சலித்துக்கொள்கிறான், சினம் கொள்கிறான், மருத்துவமனைக் கட்டிலருகே மீண்டும் வந்து உட்காருகிறான்.

படித்துறையில் ஒரு கேள்வி

பெரியத்தையின் மகனை நான் அத்தான் என்று அழைப்பேன். எங்கள் வீட்டிலேயே வளர்ந்து, படித்து, மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். தம் தாயைக் கடைசிவரை தம்மோடு வைத்துக்கொண்டவர். ஆனால், தாயைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதவர். பெரியத்தையின் காப்பிக் கதையை விருந்து வீடுகளில் எவரேனும் சொல்லிச் சிரிக்கும்போது, மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார்.

ஒரு கோடையில், மாலை வேளைகளில் சிற்றாற்றுப் படித்துறையில் அமர்ந்து, எம்மின் கதையை நாளொரு பகுதியாக அவருக்குச் சொன்னேன். ஆங்கிலம் அவருக்கு அவ்வளவாக வராது. பெரிய ஹூம் வரும் இடங்களில் மட்டும், ‘ம்’ என்று தலையாட்டுவார். மனைவி நோயுற்றிருக்க, வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, விலகாமல் நிற்கும் ஆண் அவருக்குப் புதுமையாகத் தோன்றியிருக்க வேண்டும். இப்படி ஒருவரைப் புதுமைப்பித்தனும் எழுதியிருக்கிறாரே என்று ‘செல்லம்மாள்’ கதையைச் சொன்னேன். சென்னையில் துணிக்கடையில் வேலைபார்க்கும் பிரமநாயகம் பிள்ளை, நோயாளி மனைவிக்குத் தாயாகவும் தாதியாகவும் இருக்கும் கதை அது. அதையும் கேட்டுக்கொண்டார்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அத்தான் திடீரென்று கேட்டார்: ‘அந்தப் பையன் அவன் அம்மாவ ஒருநாளாவது வெறுத்தானா?’

‘கோபப்பட்டான் அத்தான். இந்த வீட்டவிட்டு எங்கயாவது போயிறலாமான்னு நினைச்சான். அதையும் எழுதியிருக்கார்’ என்றேன்.

‘எழுதியிருக்காரா?’ என்று மறுபடியும் கேட்டார்.

பிறகு அவரே பேசினார். சின்னத்தையைப் பெண் பார்க்க வந்த அன்று காப்பித்தட்டைக் கூடத்துக்கு எடுத்துச்சென்ற சிறுவன் அவர்தாம். அப்போது வயது பதினொன்று. உள்ளேயிருந்து குரல் வந்ததும் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், ‘உள்ள யாரு?’ என்று கேட்டார். ‘தூரத்து உறவு’ என்று எங்கள் வீட்டில் ஒருவர் விடை சொன்னார். வந்தவர் பார்வை தட்டேந்தி நின்ற சிறுவன் பக்கம் திரும்பிற்று. ‘தம்பி யாரு?’ என்றார். அதற்கு எவரும் விடை சொல்வதற்கு முன் சிறுவனே சொன்னான்: ‘நானும் தூரத்து உறவுதான்.’

சின்னத்தைக்கு அந்த இடமே அமைந்தது. திருமணம் நன்றாகவே நடந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஒன்றை, அன்று கூடத்தில் அமர்ந்திருந்த எவரும் நினைவில் வைத்திருக்கவில்லை. அன்று இரவு தன் தாய் உறங்கட்டும் என்று காத்திருந்து, அவர் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டதாக அத்தான் சொன்னார். சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி முகம் கழுவினார். பின்டோ என்பவரின் படம் இருக்கிறதா என்று மறுநாள் கேட்டார்; என் கைப்பேசியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எழுதப்படாதவர்கள்

இந்தப் புதினங்களுக்கு எல்லைகளும் உண்டு. மும்பையோ தில்லியோ சென்னையோ, களம் பெரும்பாலும் நகரம். மாந்தர் பெரும்பாலும் படித்தவர். அமன்தீப் சந்துவின் ‘சீப்பியா லீவ்ஸ்’ (2008) சற்றே விலகி, ஒடிசாவின் ரூர்கேலா எஃகு நகரத்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. மனச்சிதைவு நோயுற்ற தாயை, நெருக்கடிநிலைக் காலத்தின் பின்னணியில் ஒரு சிறுவனின் கண்ணால் காட்டும் நல்ல நூல் அது. அங்கும் ஒரு வீடு இருக்கிறது. வீட்டுக்குள் ஒருவர் விழித்திருக்கிறார்.

வீடே இல்லாமற் போனவர்களை யார் எழுதுவது? 2001 ஆகஸ்டு 6 அன்று விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து அதனை வழக்காக எடுத்துக்கொண்டது. மனநோயுற்றவரை எந்த வகையிலும் சங்கிலியால் பிணிக்கக்கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் வெளிப்படையாகத் தடைசெய்தது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. அந்த 28 பேரும் வேறு வேறு ஊர்களிலிருந்து, நலம் பெறவேண்டும் என்று அழைத்துவரப்பட்டவர்கள். அவர்களும் ஏதோ சொல்லிச் சிரித்திருப்பார்கள். அதைக் கேட்டு எழுதிவைக்க, அருகில் ஒரு மகன் இல்லை.

தமிழில் இத்தகைய குரல்களுக்குச் செவிகொடுத்தவர் கோபிகிருஷ்ணன். மனநோயாளிகளோடு பழகி அவர் எழுதிய ‘உள்ளேயிருந்து சில குரல்கள்’ பரவலாகப் படிக்கப்படாமலே போனது நம் இழப்பு. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் விருதுகள் வந்திருக்கும் என்று ஓய்வறையில் ஒருமுறை சொன்னேன். ஆங்கில ஆசிரியர் மறுக்கவில்லை.

சென்ற ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் இப்புதினங்களைப் பற்றி இரண்டு பாடவேளைகள் பேசினேன். தேர்வுக்கு வராத செய்தி என்பதால் சிலர் கணக்குப் பாடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தனர், அதுவும் இயல்புதான். மணி அடிக்கும் தறுவாயில் பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்தாள். வகுப்பில் அதிகம் பேசாதவள். ‘ஐயா, அந்த அப்பா ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குவாரு?’ என்று கேட்டாள்.

நூலில் அப்படி எழுதியிருக்கவில்லை என்று சொல்லி, அவள் வீட்டில் யார் விழித்திருக்கிறார்கள் என்பதைக் கேட்காமல், விரும்பினால் எழுதித் தரலாம் என்று மட்டும் சொன்னேன். மூன்றாம் நாள் காலையில், என் மேசைமேல் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் கதை ஏதும் இல்லை. இரவு எட்டு மணி முதல் விடியற்காலை ஐந்து மணி வரை, மணிவாரியாக, அவளுடைய வீட்டில் யார் யார் எப்போது எழுந்தார்கள், யார் தண்ணீர் கொடுத்தார்கள், யார் கதவருகே படுத்தார்கள் என்று எழுதியிருந்தாள். இரண்டரை மணி என்னும் இடத்துக்கு நேரே, ‘அம்மா பாட்டுப் பாடினாங்க, நல்லா இருந்துச்சு, நாங்க எல்லாரும் கேட்டோம்’ என்று இருந்தது.